திண்ணையில் திறக்காத கோப்புறை வளவில் திறக்கிறது: வீட்டுக் கணினிகளுக்கிடையே கோப்பு, பிரிண்டர் பகிர்வுச் சிக்கல்

கேள்வி: கானாடுகாத்தான் வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் பழைய வீடு. முகப்பை ஒட்டிய கணக்கு அறையில் அப்பச்சியின் மேசைக் கணினி இருக்கிறது. அது விண்டோஸ் 10 ப்ரோ. ஒரு லேசர் பிரிண்டர் யுஎஸ்பி கம்பி வழியாக அதில் இணைக்கப்பட்டுள்ளது. படைப்பு வரவுசெலவு, பங்காளிகளின் புள்ளிப் பட்டியல், வீட்டு வரி ரசீதுகளின் நகல்கள் எல்லாம் அந்தக் கணினியில்தான் உள்ளன. பின்கட்டில் ஆத்தாவும் என் மனைவியும் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை செய்து வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே விண்டோஸ் 11 கணினி ஒன்று உண்டு. அதிலுள்ள ‘ஆர்டர்’ என்னும் கோப்புறையில் அன்றாடக் கணக்கு எழுதப்படுகிறது. இவை தவிர 2020-இல் வாங்கிய என் மடிக்கணினி, விண்டோஸ் 10.

முன்பு இரண்டு மேசைக் கணினிகளிலும் விண்டோஸ் 7 இருந்தபோது ‘ஹோம்குரூப்’ என்ற விண்டோஸ் பகிர்வு வசதி மூலம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சென்ற ஆண்டு பின்கட்டுக் கணினியை மாற்றினோம். அதே வாரத்தில், பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லை என்பதால் ஒருவரை வைத்து முகப்பிலிருந்து கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ரூட்டர் ஒன்றையும் பொருத்தினோம். அதற்குப் பிறகு நிலைமை பின்வருமாறு உள்ளது.

பின்கட்டுக் கணினியிலிருந்து \\192.168.1.10 என்று முகவரியைத் தட்டினால் முகப்புக் கணினி திறக்கிறது, பிரிண்டரும் அச்சிடுகிறது. ஆனால் முகப்பிலிருந்து பின்கட்டுக் கணினியைத் திறக்க முயன்றால் 80070035 என்று முடியும் பிழை எண்ணுடன் ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்கிறது. ‘நெட்வொர்க்’ சாளரத்தில் இரண்டும் ஒன்றையொன்று காட்டுவதே இல்லை. இதைவிட விசித்திரம் என் மடிக்கணினியில் நடக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்தால் ‘ஆர்டர்’ கோப்புறை திறப்பதில்லை. அதே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள், வந்து இரண்டாம் கட்டின் நிலைக்கதவருகே உட்கார்ந்தால், பின்கட்டுக் கணினி கண்ணுக்குத் தெரிகிறது. கடவுச்சொல் கேட்கும் வரை வருகிறது. கேட்ட இடத்தில் பின்கட்டுக் கணினியைத் திறக்கும் ‘பின்’ (PIN) எண்ணைக் கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. முகப்பு பிரிண்டரை மடிக்கணினியில் சேர்க்கப் பார்த்தாலோ, எங்கே உட்கார்ந்தாலும் 11பி (11b) என்று முடியும் பிழை வருகிறது. போதாக்குறைக்கு, மின்சாரம் போய் வந்த மறுநாள் பின்கட்டிலிருந்தும் சில வேளைகளில் அச்சு போவதில்லை.

ஒரு காணொளியைப் பார்த்து இரண்டு கணினிகளிலும் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்தேன், கடவுச்சொல் பாதுகாப்புள்ள பகிர்வை அணைத்தேன், எஸ்எம்பி 1 என்ற பழைய வசதியையும் சேர்த்தேன். எந்த மாற்றமும் இல்லை. இந்த வீட்டுச் சுவர்களின் கனம்தான் காரணம் என்று அப்பச்சி சொல்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: தேவகோட்டை வாசகர்

வணக்கம் ஐயா. முதலில் நீங்கள் செய்த மூன்று காரியங்களையும் திரும்பப் பெற்றுவிடுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த காணொளியைப் பார்த்து மறுபடியும் செய்யத் தோன்றும்.

எஸ்எம்பி 1 என்பது விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் நெறிமுறையின் மிகப் பழைய வடிவம். 2017 மே மாதத்தில் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல், இந்த வடிவத்தில் இருந்த ஓட்டையின் வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து அடுத்ததற்குத் தாவியது. அதன் பிறகு, அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் கணினிகளில் இது இயல்பாக இடம்பெறுவதில்லை. உங்களிடம் இருக்கும் விண்டோஸ் 10-உம் 11-உம் தமக்குள் பேச எஸ்எம்பி 3 இருக்கிறது. ஆகவே எஸ்எம்பி 1 உங்களுக்கு எந்த வகையிலும் தேவையில்லை. நீங்கள் தேடும் ஹோம்குரூப் வசதி 2018-இல் வந்த 1803 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. இனி அது திரும்ப வராது.

ஃபயர்வாலை அணைப்பது, பெட்டிச் சாவி தொலைந்துபோனதென்று வீட்டுக் கதவையே கழற்றி வைப்பது போன்றது. அதற்குப் பதிலாக, கணினி இருக்கும் நெட்வொர்க்கின் வகையைப் பாருங்கள். புதிய நெட்வொர்க் ஒன்றில் சேரும்போது விண்டோஸ் 11 அதைப் பொதுவிடமாகக் கருதி, பகிர்வுக்கான வழிகளை மூடி வைக்கும். அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, உங்கள் இணைப்பின் பண்புகளில் அதை ‘பிரைவேட்’ என்று மாற்றினால், ஃபயர்வால் இயங்கிக்கொண்டிருக்கும்போதே பகிர்வை அனுமதிக்கலாம். அடுத்து, மேம்பட்ட பகிர்வு அமைப்புகளில் நெட்வொர்க் டிஸ்கவரி, கோப்பு மற்றும் பிரிண்டர் பகிர்வு இரண்டும் இயக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். கணினி தன் இருப்பை மற்றவற்றுக்கு அறிவிக்க ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சேவை ஓட வேண்டும். சர்வீசஸ் பட்டியலில் அது நின்றுபோயிருந்தால் தானாகத் தொடங்கும்படி மாற்றுங்கள்.

உங்கள் சிக்கல் இத்துடன் தீர்ந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

மறுமொழி: கேபிள் பணியாளர், காரைக்குடி

தேவகோட்டை ஐயா சொன்னவை அனைத்தும் சரியானவை; எப்படியிருந்தாலும் செய்ய வேண்டியவை. ஆனால் இத்துடன் தீராது என்பது என் எண்ணம். இடம் மாறினால் பலன் மாறுகிறது என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். விண்டோஸ் அமைப்புக்குத் திண்ணை எது, வளவு எது என்று தெரியாது, ரூட்டருக்குத்தான் தெரியும்.

தம்பி, ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மூன்று கணினிகளிலும் கமாண்ட் சாளரத்தைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) கட்டளையைக் கொடுத்து, ஐபிவி4 முகவரி, டிஃபால்ட் கேட்வே என்ற இரண்டு வரிகளை மட்டும் இங்கே எழுதுங்கள். மடிக்கணினியில் திண்ணையில் ஒரு முறையும் வளவில் ஒரு முறையும் பாருங்கள். இரண்டாவது ரூட்டரில் கேபிள் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது, அந்தத் துளையின் நிறம் மற்றவற்றிலிருந்து மாறுபடுகிறதா என்பதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

பார்த்துவிட்டேன் ஐயா. முகப்புக் கணினி 192.168.1.10, கேட்வே 192.168.1.1. பின்கட்டுக் கணினி 192.168.0.101, கேட்வே 192.168.0.1. மடிக்கணினி திண்ணையில் 192.168.1.14 என்கிறது, வளவுக்குள் வந்ததும் 192.168.0.103 ஆகிவிடுகிறது. இரண்டு ரூட்டருக்கும் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஒன்றேயாக வைத்திருப்பதால் இது மாறுவதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கேபிள், நீல நிறத்தில் தனியாக இருக்கும் துளையில் செருகப்பட்டிருக்கிறது. மற்ற நான்கு துளைகளும் மஞ்சள். நீலத் துளையின் மேல் ‘வான்’ (WAN) என்று எழுதியிருக்கிறது.

மறுமொழி: கேபிள் பணியாளர், காரைக்குடி

நான் எதிர்பார்த்ததுதான். உங்கள் வீட்டில் இப்போது இருப்பது ஒரு நெட்வொர்க் அன்று, இரண்டு. முகவரியின் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: முகப்பில் 1, பின்கட்டில் 0. வான் துளையில் கேபிளைச் செருகியதால், இரண்டாவது ரூட்டர் முகப்பு நெட்வொர்க்கை ‘வெளி இணையம்’ என்று எண்ணிக்கொண்டு, தனக்குப் பின்னால் வேறொரு நெட்வொர்க்கை அமைத்துக்கொண்டு அதற்குக் காவலாக நிற்கிறது.

ஒருபக்கம் மட்டும் ஏன் வேலை செய்கிறது என்பதை விளக்கிவிடுகிறேன். பெட்டியடிக் கணக்குப்பிள்ளை ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் எழுதும் கடிதங்களை எல்லாம் அவர் தம் பெயரிலேயே வெளியூருக்கு அனுப்புகிறார். யார் எழுதச் சொன்னது என்பதைத் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறார். பதில் வந்தால் குறிப்பைப் பார்த்து உரியவரிடம் சேர்த்துவிடுவார். ஆனால் உள்ளிருந்து யாரும் எழுதாதபோது வெளியிலிருந்து ஒரு கடிதம் வந்தால், அது உள்ளே எவருக்கு என்று குறிப்பேட்டில் இல்லாததால் அதை வாசலிலேயே தள்ளிவிடுவார். ரூட்டர் செய்யும் முகவரி மாற்றம் இதுதான். பின்கட்டிலிருந்து முகப்புக்குப் போகும் அச்சுப் பணி உள்ளிருந்து எழுதப்பட்ட கடிதம். போகிறது, பதிலும் வருகிறது. முகப்பிலிருந்து பின்கட்டுக் கோப்புறையைத் திறப்பது கேட்காமல் வந்த கடிதம், நின்றுவிடுகிறது. நெட்வொர்க் சாளரத்தில் ஒன்றையொன்று காணாததும் இதனால்தான். கணினிகள் தம் இருப்பை அறிவிக்கும் கூவல் அந்தந்த நெட்வொர்க்குக்குள் மட்டுமே கேட்கும், ரூட்டரைத் தாண்டாது. இந்நிலையில் ஃபயர்வாலை அணைத்தும் பலனில்லாமல் போனதில் வியப்பில்லை; தரவுப் பொட்டலம் அந்தக் கணினி வரை வந்தால்தானே ஃபயர்வால் அதைத் தடுப்பதற்கு?

உங்கள் அப்பச்சி சொன்னதும் முழுக்கத் தவறில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் நான் கேபிள் இழுக்கும்போது பார்த்திருக்கிறேன். வளவு திறந்த வெளி என்பதால் அலை அதில் தாராளமாகப் பரவும். ஆனால் வளவைச் சுற்றியுள்ள இரட்டை அறைகளில் நுழைந்தால், கனத்த செங்கல் சுண்ணாம்புச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ இல்லாமலே போய்விடுகிறது. ஒரு வீட்டில் ரூட்டரை பழைய பெல்ஜியம் கண்ணாடி ஒன்றின் பின்புறத்தில், பார்வைக்குத் தெரியக் கூடாதென்று ஒளித்து வைத்திருந்தார்கள். கண்ணாடியின் பின்னால் பூசிய ரசமும் உலோகமல்லவா. பட்டாலையில் ஒரு கோடு கூட வரவில்லை. ரூட்டரை இரண்டு அடி நகர்த்தி வெளியே வைத்ததும் மூன்று கோடுகள் வந்தன. ஆகவே உங்களுக்கு இரண்டாவது பெட்டி வேண்டும் என்பது சரி. அது ரூட்டராக வேலை செய்யக் கூடாது, வெறும் வைஃபை நிலையமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு வழி இரண்டு. அந்த ரூட்டரின் அமைப்புகளில் ‘அக்சஸ் பாயின்ட் மோட்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டாலே போதும். வேண்டியவற்றை அதுவே செய்துகொள்ளும். அது இல்லாத பழைய ரூட்டர் என்றால் கையால் செய்ய வேண்டும், அதிலும் வரிசை முக்கியம். முதலில் முகப்பில் உள்ள முதல் ரூட்டரான மோடத்தின் அமைப்பில் முகவரி வழங்கும் எல்லையை 192.168.1.50 முதல் 192.168.1.200 வரை என்று சுருக்கிக்கொள்ளுங்கள். பின்பு பின்கட்டுக் கணினியை ரூட்டரின் மஞ்சள் துளை ஒன்றில் கம்பியால் இணைத்து, பிரௌசரில் 192.168.0.1 என்று தட்டி உள்ளே சென்று, அதன் லான் (LAN, வீட்டு உள்பக்க) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். அது வழங்கும் எல்லைக்கு வெளியே இருப்பதால் வேறு யாருக்கும் போகாது. லான் முகவரியை மாற்றும்போது, முகப்பிலிருந்து வரும் கேபிளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வான் பக்கமும் லான் பக்கமும் ஒரே எண் வரிசை என்று சில ரூட்டர்கள் மறுக்கும். ரூட்டர் மீண்டும் எழுந்ததும் 192.168.1.2 என்று தட்டி உள்ளே போய், கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி (DHCP) சேவையை நிறுத்துங்கள். அதன் பிறகுதான் கேபிளை மஞ்சள் துளையில் செருக வேண்டும். நீலத் துளை இனி காலியாகவே இருக்கட்டும்.

டிஎச்சிபியை நிறுத்தாமல் கேபிளை மாற்றினால், ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி வழங்கத் தொடங்குவார்கள். பிறகு எது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும்.

மறுமொழி: தணிக்கை அலுவலகப் பணியாளர், பள்ளத்தூர்

நெட்வொர்க் ஒன்றான பிறகும் கடவுச்சொல் சிக்கல் அப்படியே நிற்கும் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் அலுவலகத்தில் இதே கேள்வியை மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்.

பின் எண் என்பது அந்த ஒரு கணினியின் முன்னால் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டும் உரியது. அது அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டது. நெட்வொர்க் வழியாக வேறொரு கணினியில் இருந்து கொடுக்க முடியாது. அங்கே கணக்கின் உண்மையான கடவுச்சொல்தான் வேண்டும். கடவுச்சொல்லே வைக்காத கணக்கானால் இன்னும் மோசம். வெற்றுக் கடவுச்சொல் உள்ள கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் இயல்பாகவே அனுமதிப்பதில்லை. நாம் தினமும் திறந்து பழகிய கணக்கு வெளியிலிருந்து மட்டும் ஏன் திறக்கவில்லை என்று குழம்புபவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றில்தான் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

கடவுச்சொல் பாதுகாப்பை அணைத்துவிட்டு எல்லாரையும் விருந்தினராக விடலாமே என்று தோன்றும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. அதன் ப்ரோ வகையில், எஸ்எம்பி உரையாடல் ஒவ்வொன்றும் கையொப்பமிடப்பட வேண்டும் என்பது இயல்பான விதி. கடவுச்சொல் இல்லாத விருந்தினரிடம் கையொப்பமிடுவதற்கான சாவி இல்லாததால், அவர் திருப்பி அனுப்பப்படுகிறார். அந்த விதியைத் தளர்த்தச் சொல்லும் அறிவுரைகள் நிறைய உலவுகின்றன. என்னைக் கேட்டால் அதைத் தொடவே வேண்டாம், ஐந்து நிமிட வேலையில் முறையாகவே செய்துவிடலாம்.

பின்கட்டுக் கணினியில் பகிர்வுக்கென்று ஒரு உள்ளூர்ப் பயனர் கணக்கைத் தனியாக உருவாக்குங்கள். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சிறியதாக இருக்கட்டும். அதற்கு நல்ல கடவுச்சொல் ஒன்று வையுங்கள். அதை வைத்து யாரும் அந்தக் கணினியில் உட்கார்ந்து வேலை செய்யப் போவதில்லை. ‘ஆர்டர்’ கோப்புறையின் பண்புகளில் பகிர்வுப் பகுதியில் அந்தக் கணக்கைச் சேருங்கள். அத்துடன் நின்றுவிடாமல் பாதுகாப்புப் பகுதியிலும் அதே கணக்கைச் சேருங்கள். இந்த இரண்டு அனுமதிகளில் எது குறுகியதோ அதுதான் செல்லும். பகிர்வில் முழு உரிமை கொடுத்துவிட்டுப் பாதுகாப்பில் சேர்க்க மறந்தால், கோப்புறையின் பெயர் தெரியும், உள்ளே போக முடியாது. பிறகு முகப்புக் கணினியில் கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, பின்கட்டுக் கணினியின் பெயர், புதிய கணக்கின் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒரு முறை பதிந்துவிட்டால், உங்கள் அப்பச்சியிடம் அது மறுபடியும் எதையும் கேட்காது. பழைய தவறான கடவுச்சொல் ஏதேனும் அங்கே பதிந்திருந்தால் முதலில் அதை நீக்குங்கள்.

கணினிகளுக்கும் புரியும்படி பெயர் வைத்துவிடுங்கள். விண்டோஸ் தானாக வைக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த பெயரை யாரும் நினைவில் கொள்ள முடியாது. பதினைந்து எழுத்துக்குள், ஆங்கில எழுத்தில் இருப்பது நல்லது. பழைய நெட்பயாஸ் முறையின் எல்லை அவ்வளவுதான்.

மறுமொழி: தேவகோட்டை வாசகர்

இரண்டு ரூட்டர் என்ற வரியைப் படித்தும் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். காரைக்குடி ஐயாவுக்கு நன்றி. விடுபட்டிருக்கும் பிரிண்டர் பகுதியையாவது நான் முடித்துவிடுகிறேன்.

மடிக்கணினியில் வரும் 11பி பிழைக்குக் காரணம் பெரும்பாலும் அதன் புதுப்பிப்புகள் பின்தங்கியிருப்பதுதான். அச்சுப் பணிக்கான தொலைவழி அழைப்புகள் மறைகுறியாக்கப்பட்டே வர வேண்டும் என்ற விதியை விண்டோஸ் 2021 செப்டம்பர் புதுப்பிப்பில் கட்டாயமாக்கியது. பிரிண்டரைப் பகிரும் கணினி அந்தப் புதுப்பிப்பைப் பெற்றும், கேட்கும் கணினி அதற்கு முந்திய நிலையிலும் இருந்தால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சுழியமாக்கி இதைத் தவிர்க்கலாம் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது அந்தக் காப்பையே எடுத்துவிடும். மடிக்கணினியை முழுமையாகப் புதுப்பித்துவிட்டு மறுபடியும் முயலுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டாலும், அதுவரை வந்த புதுப்பிப்புகளை நிறுவ முடியும்.

பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவ நிர்வாகி அனுமதி கேட்டால் வியப்படைய வேண்டாம். அதுவும் 2021 ஆகஸ்டு முதல் உள்ள விதி. எல்லாம் செய்தும் பிடிவாதம் பிடித்தால் ஒரு மாற்று வழி உண்டு. பிரிண்டர் நிறுவனத்தின் டிரைவரை மடிக்கணினியிலேயே நேரடியாக நிறுவி, ‘லோக்கல் போர்ட்’ ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, அதன் பெயராக இரண்டு பின்சாய்வுக் கோடு, முகப்புக் கணினியின் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, பகிர்ந்த பிரிண்டரின் பெயர் என்று வரிசையாகக் கொடுத்தால் அச்சு போகும்.

மின்சாரம் போய் வந்தால் அச்சு நிற்பதற்குக் காரணம், மோடம் எழுந்ததும் முகப்புக் கணினிக்கு வேறு எண் கிடைத்துவிடுவதுதான். பின்கட்டில் நீங்கள் 10 என்ற எண்ணைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அது அன்று 12 ஆகியிருக்கும். மோடத்தின் அமைப்பில் முகப்புக் கணினிக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்துவிடுங்கள். நெட்வொர்க் ஒன்றானபின் எண்ணுக்குப் பதிலாகக் கணினியின் பெயரையே பயன்படுத்தலாம் என்றாலும், ஒதுக்கீடும் இருப்பது நல்லது. கடைசியாக ஒன்று: யுஎஸ்பி பிரிண்டரைப் பகிரும்போது அந்தக் கணினி விழித்திருந்தால்தான் அச்சு போகும். அப்பச்சி மதியம் சாப்பிட எழுந்து போனதும் அது உறங்கப் போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. நேற்று முழுவதும் இதே வேலையாக இருந்தேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

வரிசை முக்கியம் என்று காரைக்குடி ஐயா அவ்வளவு சொல்லியும், கேபிளை மாற்றுவது எளிதாக இருக்கிறதே என்று அதைத்தான் முதலில் செய்தேன். பத்து நிமிடத்தில் முகப்பிலிருந்து ஆத்தாவின் கைப்பேசி வரை ஒவ்வொன்றாக இணையம் இழந்தன. முகப்புக் கணினியில் பார்த்தால் 192.168.0.105 என்கிறது, கேட்வே 192.168.0.1. பின்கட்டு ரூட்டர்தான் எல்லாருக்கும் முந்திக்கொண்டு முகவரி வழங்கியிருக்கிறது. ஆனால் அதன் வான் துளை காலி, இணையத்துக்குப் போக அதற்கு வழியே இல்லை. கேபிளைக் கழற்றி, நீங்கள் சொன்ன வரிசைப்படி லான் முகவரி, டிஎச்சிபி, அதன் பிறகு கேபிள் என்று செய்து, எல்லாக் கருவிகளையும் ஒரு முறை அணைத்து இயக்கியதும் எல்லாம் 192.168.1 வரிசைக்கு வந்துவிட்டன. ஐபிகான்ஃபிக் வரிகளைப் பார்த்தே என்ன நடக்கிறதென்று புரிந்துகொள்ள முடிந்தது மட்டும்தான் அந்த நேரத்தில் ஆறுதல்.

இப்போது திண்ணையிலும் வளவிலும் மடிக்கணினிக்கு ஒரே முகவரிதான். ரூட்டரையும் பின்கட்டு அறைக்குள்ளிருந்து எடுத்து, வளவைப் பார்த்த சுற்றுத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டேன். கேபிள் அதற்குப் போதுமான நீளம் இருந்ததால் சுவரில் புதிதாகத் துளை போட வேண்டியிருக்கவில்லை. போட அப்பச்சி விட்டிருக்கவும் மாட்டார். எஸ்எம்பி 1-ஐ நீக்கி, ஃபயர்வாலை இயக்கி, மூன்றையும் பிரைவேட் ஆக்கினேன். பள்ளத்தூர் அம்மா சொன்னபடி தனிக் கணக்கு உருவாக்கியதும் முகப்பிலிருந்து ‘ஆர்டர்’ கோப்புறை முதல் முயற்சியிலேயே திறந்தது. பாதுகாப்புப் பகுதியில் சேர்க்கச் சொன்ன குறிப்பு இல்லாதிருந்தால் இன்னொரு நாள் போயிருக்கும்.

மடிக்கணினிதான் கடைசி வரை படுத்தியது. மொபைல் தரவு தீர்ந்துவிடும் என்று 2020-லேயே அதன் புதுப்பிப்புச் சேவையை நிறுத்தி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. இரவெல்லாம் புதுப்பித்து, நான்கு முறை அணைந்து எழுந்து, காலையில் பிரிண்டரைச் சேர்த்தபோது 11பி வரவில்லை. உறக்க அமைப்பும் சரியாகவே யூகித்திருக்கிறீர்கள்: முகப்புக் கணினி முப்பது நிமிடத்தில் உறங்கும்படி இருந்தது, அதை நீக்கிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அப்பச்சிக்குப் படிக்க மட்டும் உரிமை கொடுத்திருந்தேன். இன்று காலை மணகோலம் கணக்கில் ஒரு வரியில் கிலோவும் பாக்கெட்டும் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தப் போனார், முடியவில்லை. “பார்க்கலாம், கை வைக்கக் கூடாது, அப்படித்தானே?” என்று கேட்டார். உடனே திருத்தும் உரிமையையும் கொடுத்துவிட்டேன். ஆனால் அவரும் என் மனைவியும் ஒரே நேரத்தில் அதே எக்செல் கோப்பைத் திறந்தால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடும் அபாயம் உண்டா?

மறுமொழி: தணிக்கை அலுவலகப் பணியாளர், பள்ளத்தூர்

பகிர்ந்த கோப்புறையில் உள்ள எக்செல் கோப்பை ஒருவர் திறந்திருக்கும்போது அது பூட்டப்பட்டுவிடும். அடுத்தவர் திறந்தால், இன்னார் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்று சொல்லி, படிக்க மட்டும் திறக்கவா என்று கேட்கும். முதலாமவர் மூடியதும் தெரிவிக்கச் சொல்லவும் அதில் வசதி உண்டு. ஆகவே ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதிவிட முடியாது. பின்கட்டில் கோப்பைத் திறந்தே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவது வழக்கமானால், முகப்பில் நாள் முழுவதும் படிக்க மட்டும்தான் முடியும். வேலை முடிந்ததும் மூடிவிடச் சொல்லுங்கள். கோப்புறை பின்கட்டுக் கணினி ஒன்றில் மட்டுமே இருப்பதால், வாரம் ஒரு முறை அதன் நகலை முகப்புக் கணினியிலும் எடுத்து வையுங்கள். இரண்டும் இப்போதுதான் ஒன்றையொன்று பார்க்கின்றனவே.